சதுரமே சத்தியம்

ஜான்சியின் படத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு நிறங்கள் இருப்பதாக எங்கள் பேரவையின் நிறக்கணக்கு உபகுழு கண்டறிந்தது. விதிப்படி அனுமதிக்கப்பட்டவை பதினாறு. மிச்சமுள்ள நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு நிறங்களும் எங்கிருந்து வந்தன, யார் கொடுத்தார்கள், எந்த நோக்கத்தோடு கொடுத்தார்கள் என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் தயாரானது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

தென்சென்னைப் பிக்சல் ஓவியர் பேரவை என்றதும் கட்டடம், கொடிக்கம்பம் என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் இணையத்தில்தான். இன்றைக்கு வருகிற வீடியோ கேம்களில் கதாநாயகனின் மூக்கு வேர்வைகூடத் தனித்தனித் துளியாகத் தெரிகிறது. அப்படி ஒரு கேமை எடுத்து, முப்பது வருஷத்துக்கு முந்தைய டிவி கேம் மாதிரி, குட்டிக் குட்டிச் சதுரங்களாக, ஒவ்வொரு சதுரத்தையும் கையால் வைத்து மறுபடி வரைவது எங்கள் பைத்தியம். அகலத்தில் நூற்றறுபது சதுரம், உயரத்தில் நூற்று நாற்பத்து நாலு, நிறம் பதினாறு. ஊரடங்குக் காலத்தில் பதினொரு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. யாராவது படம் போட்டால் மற்ற பத்துப் பேரும் "மச்சி, செம" என்று எழுதுவோம்.

பிறகு மாணிக்கவாசகம் சார் வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர். ஏதோ ஓர் அலுவலகத்தில், கீழிருந்து வரும் கோப்புகளை மேலே அனுப்பும் வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். புள்ளி வைத்து வரைகிற குழு என்று யாரோ சொன்னதை வைத்துக் கோலக் குழு என்று நினைத்து உள்ளே நுழைந்தார். அது கோலமில்லை என்று தெரிந்த பிறகும் பெருந்தன்மையோடு வெளியேறாமல் இருந்தார். மூன்றாவது வாரம், "இதற்கு விதிமுறை ஏதும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னோம். அப்படிச் சொன்னதற்காக இன்றுவரை அனுபவிக்கிறோம்.

இப்போது அவர்தான் தலைவர். இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள், ஏழு உபகுழுக்கள், ஒரு முத்திரை. "மச்சி" என்று எழுதுவதற்கு மதிப்பீட்டு உபகுழுவின் அனுமதி வேண்டும். மாதக் கூட்டம் காணொலியில் நடக்கும். எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, "சதுரமே சத்தியம்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். எழுந்து நின்றால் கேமராவில் இடுப்புதான் தெரியும். இருநூறு இடுப்புகள் உறுதிமொழி எடுப்பதை மாதாமாதம் பார்த்திருக்கிறேன். அடுத்தது குத்துவிளக்கு. திரையில் சதுரங்களால் ஆன விளக்கு வரும். நிர்வாகிகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு திரியைச் சொடுக்கி ஏற்ற வேண்டும். மூன்றாவது திரியில் யாருக்காவது நெட் போய்விடும். அணைந்த விளக்கோடு தொடரக் கூடாது என்று மறுபடி முதல் திரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். போன ஐப்பசிக் கூட்டம் விளக்கேற்றியதோடு முடிந்துவிட்டது.

என் பெயர் பிரபாகர். கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். முதல் பதினொரு பேரில் ஒருவன். ஒருமுறை குழுவில் முற்றுப்புள்ளி வைத்து ஒரு செய்தி எழுதிவிட்டேன். அதைப் பார்த்துத்தான் கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

ஜான்சி சாந்தோம் குப்பத்துப் பெண். அப்பா வேதநாயகம் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா தங்கம் லூப் ரோட்டில் மீன் விற்கிறவர். ஜான்சிக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைன் போடும் வேலை. மயிலோ மாங்காயோ, எதைக் கொடுத்தாலும் எந்த நிற நூல் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று திரையில் கட்டம் கட்டமாகக் குறிப்பாள். அந்தக் கண்ணோடு பிக்சல் ஓவியத்துக்கு வந்தவள் என்பதால் எங்களில் யாரும் அவளுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் உண்மை.

அவளுக்கு ஒரு நெருக்கடி வந்திருந்தது. கடை முதலாளி புது மெஷின் வாங்குகிறார். போட்டோவைக் காட்டினால் தையலை அதுவே போட்டுக்கொள்ளுமாம். "தை மாசத்துலேர்ந்து கீழ பொடவ கவுன்டர்ல நின்னுக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே, "வாங்கக்கா, சாஃப்ட் சில்க் பாக்குறீங்களா" என்று கூப்பிட வேண்டும். தப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அடையாறில் பதினாலு பேர் வேலை பார்க்கும் ஒரு கேம் கம்பெனிக்குப் பிக்சல் ஓவியர் ஒருவர் தேவைப்பட்டார். அந்தக் கம்பெனியின் ஓவியப் பிரிவுத் தலைவி அனுப்ரியா எங்கள் ஆண்டுக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறார். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்து, பிடித்த ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஜான்சியின் படம் சுவருக்குப் போனால் அடையாறு, போகாவிட்டால் புடவைக் கவுன்டர்.

நாலு மாதம் உட்கார்ந்து அந்தப் படத்தை வரைந்திருந்தாள். 'ஆழ்கடல் அரசன்' என்று ஒரு வெளிநாட்டு கேம். அதில் ஒரு தாடிக்காரன் இரும்புக் கப்பலில் போய் ராட்சதத் திமிங்கலத்தை வேட்டையாடுவான். ஜான்சி தாடிக்காரனைத் தூக்கிவிட்டு, அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆளை ஃபைபர் படகில் உட்காரவைத்தாள். திமிங்கலம் இருந்த இடத்தில் வலையை அறுத்துக்கொண்டு போகும் ஒரு விசைப்படகு. உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மூலையில் டீசல் கேன். கரையில் கடைசி எதிரியாக, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மீனுக்கு விலை வைக்கும் ஏலக்காரன் நின்றான். முதல்முறை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

இந்தப் படத்தின் மேல் ஒரு புகார் வந்தது. கடல் நீலமாக இல்லாமல் கலங்கலான பச்சைப் பழுப்பில் இருக்கிறது, இது கடலை அவமதிப்பதாகும் என்று எழுதியிருந்தது. புகார் கொடுத்தவர் மாணிக்கவாசகம். விசாரித்தவரும் மாணிக்கவாசகம். புகார்தாரர் என்ற முறையில் தாம் ஆஜராகவில்லை என்பதையும், தலைவர் என்ற முறையிலேயே வந்திருப்பதையும் தனித்தனியாகக் குறிப்பில் ஏற்றச் சொன்னார். காணொலியில் அவர் போனை மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிடுவார். அதனால் தலைவர் தெரிய வேண்டிய கட்டத்தில் அவர் வீட்டு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

"கடல் நீலம் என்பது பேரவையின் நிலைப்பாடு" என்றது மின்விசிறி.

"சார், அடையாறு வந்து கலக்குற எடத்துல தண்ணி இன்னா கலர்ல கீதுன்னு ஒருவாட்டி வந்து பாருங்க சார்" என்றாள் ஜான்சி.

"நான் கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"கடைசியா எப்ப சார் வந்தீங்க?"

மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது. பிறகு, "இது விசாரணைக்குத் தொடர்பில்லாத கேள்வி. பிரபாகர், குறிப்பிலிருந்து நீக்கவும்" என்றது. நீக்கினேன்.

செயலாளர் ஹரி கனைத்துக்கொண்டார். மயிலாப்பூர்க்காரர், சாஃப்ட்வேர் வேலை, நல்ல மனுஷர்தான். ஆனால் கையில் ஒரு விதிப் புத்தகம் கிடைத்துவிட்டால் ஆளே வேறு. "கடல் கெடக்கட்டும். புகாரைப் பாக்கறச்சேதான் இந்த விஷயம் வெளில வந்தது. நான் ஆத்துல ஒக்காந்துண்டு ரெண்டு தரம் எண்ணிப் பாத்துட்டேன். நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு கலர் இருக்கு, ஜான்சி. இதுக்கு என்ன சொல்றேள்?"

"எந்தப் படத்த எண்ணுனீங்க?"

"நம்ம வாட்ஸப் குரூப்ல வந்ததைத்தான்."

ஜான்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிக்சல் ஓவியம் வரைகிற எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. வாட்ஸப்பில் படத்தை அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். நசுங்கும்போது ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் அழுக்குப் படிந்த மாதிரி நூறு புது நிறங்கள் முளைக்கும். நிறத்தை எண்ணுவதென்றால் மூலப் படத்தில் எண்ண வேண்டும். இதை அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"மூலப் படத்தைக் குழு பார்த்தது. தபால்தலை அளவில் இருந்தது. அவ்வளவு சிறிய ஒன்றை எப்படி ஆய்வு செய்வது?" என்றார் மாணிக்கவாசகம். "மேலும், பேரவையின் அதிகாரபூர்வக் குழுவுக்கு வந்து சேர்ந்த படம்தான் அதிகாரபூர்வமான படம். அதற்கு முன் உங்களிடம் இருந்தது உங்கள் சொந்த விஷயம்."

"அப்ப மத்தவங்களோடதையும் எண்ணிப் பாருங்க சார். எல்லாத்துலயும் அப்டித்தான் இருக்கும்."

"அவற்றின்மேல் புகார் இல்லை."

தண்டனை அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. உறுப்பினர் தகுதி தற்காலிக நிறுத்தம். ஆனால் பேரவை கருணை உள்ளது என்பதால், சாட்சி உபகுழுவின் முன்னிலையில் படத்தை முதலிலிருந்து மறுபடி வரையலாம். ஒவ்வொரு சதுரத்தையும் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, அதன் பிறகே வைக்க வேண்டும்.

அந்த அநியாயத்துக்கும் ஜான்சி உட்கார்ந்தாள். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் முப்பத்தோரு சதுரங்கள் நிறைவேறின. பன்னிரண்டாவது சதுரத்தில் வழிமொழிய வேண்டியவர் குக்கர் இறக்கப் போய்விட்டார். இருபதாவது சதுரம் வானமா கடலா என்று வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. மொத்தம் இருபத்து மூவாயிரத்து நாற்பது சதுரங்கள். ஹரி கணக்குப் போட்டுப் பார்த்து, "தினம் ஒக்காந்தா எழுநூத்தி நாப்பத்தி நாலு நாள்ல முடிஞ்சுடும்" என்றார். கண்காட்சிக்குப் பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் ஜான்சி வரவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

"பிரபாகர் சார், கலர் பதினாறுதான்னு அவங்க கண்ணுக்குத் தெரியணும், அவ்ளதான?"

"ஆமா."

"சரி, நான் பாத்துக்கறேன்."

கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எம்பிராய்டரி மெஷின் சும்மா கிடக்கும். மூன்று நாள் மதியம் சாப்பிடாமல் அந்த மெஷினில் அவள் தன் படத்தைத் தைத்தாள். ஒரு சதுரத்துக்கு ஒரு கட்டத் தையல். நிறம் ஒன்றுக்கு ஒரு நூல். மெஷினில் ஒரு தலைக்குப் பதினைந்து ஊசிதான் உண்டு. பதினாறாவது நிறம் வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, நூலைக் கழற்றிக் கையால் மாற்றி மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாணிக்கவாசகம் சார் வீட்டில் நேரடி விசாரணை. அங்கே வந்து, துணியை மேஜைமேல் விரித்து, பக்கத்தில் பதினாறு நூல் கோன்களை வரிசையாக நிற்கவைத்தாள்.

"எண்ணிக்கோங்க சார்" என்றாள்.

நான் அசந்துபோனேன். திரையில் பார்த்ததைவிடத் துணியில் கடல் உயிரோடு இருந்தது. நடந்து போனால் தண்ணீர் மினுங்குகிற மாதிரி நூல் பளபளத்தது. படகில் இருக்கும் ஆளின் முதுகு ஏழு சதுரம்தான். அந்த ஏழு சதுரத்தில் அவனுக்கு எவ்வளவு அலுப்பு என்று தெரிந்தது.

மாணிக்கவாசகம் கோன்களை இரண்டு தடவை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் எண்ணினார். "பதினாறு இருப்பதாகத்தான் தெரிகிறது. ஆனால் இது துணி."

"நன்னாத்தான் இருக்கு, ஜான்சி. ரொம்ப நன்னா இருக்கு" என்றார் ஹரி, மனசாரவே. "ஆனா நூல் உபகுழுன்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லையே. ஆடி மாசம் பொதுக்குழுல தீர்மானம் போட்டு, குழு அமைச்சு, அப்பறம்தான் இதைப் பாக்கவே முடியும்."

"நீங்க இப்ப பாத்துக்கினுதான சார் கீறீங்க?"

"அது தனிப்பட்ட முறைல பாக்கறது."

ஜான்சி துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனேன். அழுவாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "பொடவ கவுன்டர்ல ஒக்கார ஸ்டூல் குடுப்பாங்களா சார்? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். உள்ளே திரும்பி வந்து, மனு ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது என்று குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

தேர்வான நாற்பது படங்களையும் ஃபிளெக்ஸ் அடித்து வாங்கி வரும் வேலையும் எனக்குத்தான். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வலியுல்லா பாயின் ஃபிளெக்ஸ் கடை. பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அங்கேதான். பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தேன். கண்காட்சிக்கு முதல் நாள் போய் ஒன்றை விரித்துப் பார்த்தேன்.

ஒரு சதுரம்கூட இல்லை. நாற்பது படமும் வழவழவென்று இருந்தன. சதுரங்களைக் கோளாறு என்று நினைத்துப் பாய் எல்லாவற்றையும் நிரவிவிட்டார். அவர் கடை சாஃப்ட்வேர் பிறந்தநாள் பேனருக்குப் பழகியது. முகம் என்று எதைக் கண்டாலும் வெள்ளையடித்துச் சிரிப்பு வைத்துவிடும். கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணங்கள் சீர்வரிசைத் தட்டு தூக்கிவரும் தாய்மாமன்களைப் போலக் களையாக இருந்தன. நெருப்பைக் கக்கும் டிராகனுக்குக் கன்னத்தில் குழி விழுந்திருந்தது.

சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நாள் இருந்தது, பாய் ராவோடு ராவாகத் திருப்பி அடித்துக் கொடுத்திருப்பார். ஆனால் எனக்கு அந்த ஸ்டூல் கேள்வி காதிலேயே இருந்தது. பேசாமல் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினேன். தர உபகுழு சரிபார்க்கத்தானே போகிறது, அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தர உபகுழு சரிபார்த்தது. மூன்று பேரும் பேனருக்கு ஒரு சாண் தள்ளி நின்று பார்த்துவிட்டு, 'சதுரங்கள் கூர்மையாக உள்ளன' என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

கண்காட்சி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் படத்தின் முன்னால் நின்று திகைத்தார்கள். ஒருவர் ஹரியிடம் ஓடிவந்து, "சார், இது என் படமே இல்ல" என்றார். ஹரி புத்தகத்தைப் புரட்டி, காட்சிப்படுத்தல் குறித்த ஆட்சேபணையைப் பதினைந்து நாள் முன்னதாக ஏழாம் படிவத்தில் தர வேண்டும் என்றார். படம் நேற்றுத்தானே அச்சானது என்றதற்கு, "அதுக்கு விதிவிலக்கு இல்லையே" என்றார்.

அனுப்ரியா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார், பிறகு அழைப்பிதழைப் பார்த்தார், பிறகு மறுபடி சுவர்களைப் பார்த்தார். வேறு மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று அவருக்குச் சந்தேகம். கடைசி வரிசையில் ஜான்சி, மடியில் பையோடு. பொதுமக்கள் வரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பக்கத்தில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேராக வந்த அம்மா தங்கம். மகள் என்னமோ படம் போடுகிறாள் என்று தெரியும், அது என்ன படம் என்று தெரியாது.

உறுதிமொழி, விளக்கு எல்லாம் முடிந்து மாணிக்கவாசகம் பேச எழுந்தார். நல்ல குரல் அவருக்கு.

"என்னைப் பலர் கேட்கிறார்கள், ஐயா, நீங்கள் வீடியோ கேம் ஆடியதுண்டா என்று. ஒரு நாளும் இல்லை. அதனால்தான் என்னால் நடுநிலையோடு தீர்ப்பளிக்க முடிகிறது. ஒரு சதுரமாவது வரைந்ததுண்டா என்கிறார்கள். வரைந்திருந்தால் தவறு செய்திருப்பேன். தவறே செய்யாத ஒருவர் பேரவைக்குத் தேவைப்பட்டார்." கைதட்டல். பின்னாலிருந்த டிராகனின் கன்னக்குழியைத் தடவிக் காட்டினார். "இதோ பாருங்கள். இந்தச் சதுரங்களை விரல் நுனியில் உணர்கிறேன். வழவழப்பு என்பது சோம்பேறிகளின் கலை. பேரவை இருக்கும்வரை தென்சென்னையில் ஒரு வழவழப்பான படம்கூடத் தலைகாட்ட முடியாது!"

அனுப்ரியா வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

அடுத்தது பொன்னாடை. நிர்வாகிகளுக்கு முதலில் ஆளுக்கு இரண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு, நாற்காலி கொடுத்தவருக்கு, கேசரி செய்தவருக்கு ஆளுக்கு ஒன்று. கடைசியாக, "படங்களுக்கு உருவம் கொடுத்த அன்பர் வலியுல்லா" என்று கூப்பிட்டு, போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கூச்சத்தோடு மைக்கைப் பிடித்தார்.

"அல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்த மைக்கெல்லாம் பழக்கமில்ல நைனா. பிரபாகர் சார் குடுத்த நாப்பது படமும் கட்டம் கட்டமா ஒடஞ்சிபோய்க் கீது. அத்த அப்டியே அடிச்சா என் கடை பேரு இன்னாத்துக்காவும்? மூணு நாளு தூக்கமில்லாம ஒக்காந்துக்கினு, ஒவ்வொண்ணா வழவழன்னு ஆக்கி, மூஞ்சில கலர் தூக்கி, நல்லா சிரிக்க வெச்சி அடிச்சிக் குடுத்துகீறேன். ஒரே ஒரு கட்டம் எங்கயாவது நிக்குதான்னு காட்டுங்க, புதுசா இன்னொருவாட்டி அடிச்சித் தரேன்!"

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள், அது பரவியது. மாணிக்கவாசகம் மைக்கை வாங்கிக்கொண்டு, "அன்பர் வலியுல்லா நகைச்சுவை உணர்வு மிக்கவர்" என்றார்.

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "காமெடி இல்ல சார், மூணு நாள் வேல சார்!" என்று போனை எடுத்து, மூலப் படம் ஒன்றைத் திறந்து மேடையைச் சுற்றிக் காட்டினார். "இதான் நீங்க குடுத்தது, அதான் நான் அடிச்சது. நீயே பாரு நைனா."

மாணிக்கவாசகம் போனைப் பார்த்தார், டிராகனைப் பார்த்தார். "இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?" என்று ஹரியிடம் கேட்டார். மைக் அணைக்கப்படவில்லை. அவர் நடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மனுஷருக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை.

அனுப்ரியா எழுந்தார். "மன்னிக்கணும் சார். சதுரம் இருக்கற படம் ஒண்ணாவது இங்க இருக்கா? நான் அதைப் பாக்கத்தான் வந்தேன்."

ஹரி புத்தகத்தைத் திறந்தார். நான் எழுந்துவிட்டேன். "இருக்கு மேடம். கடைசி வரிசைல, அந்தப் பொண்ணு பைக்குள்ள இருக்கு. நாங்கதான் வேணாம்னு தள்ளிட்டோம்."

அனுப்ரியா நேராகப் பின்னால் போனார். ஜான்சி ஒரு காலி பிளாஸ்டிக் நாற்காலியில் துணியை விரித்தாள். அனுப்ரியா மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீரின் நிறத்தைத் தொட்டு, "கரெக்ட்டா இந்தக் கலர்தான். நான் தினம் ஆபீஸ் போறப்ப பாலத்துலேர்ந்து பாக்கறேன்" என்றார். பிறகு கரையில் நிற்கிற கைலிக்காரனைக் காட்டி, "இவர் யாரு? இவரை எப்படி ஜெயிக்கறது?" என்று கேட்டார்.

ஜான்சி வாயைத் திறப்பதற்குள் தங்கம் முந்திக்கொண்டார். "அவனா? ஏலக்காரன்மா. அவன எங்க ஜெயிக்கிறது? முப்பது வருசமா பாத்துக்கினு கீறேன், ஒருநாளும் முடியல." பிறகு படகிலிருந்த முதுகை உற்றுப் பார்த்தார். "ஏய் ஜான்சி, இது ஒங்கப்பா இல்ல? சொல்லவே இல்லயேடி." ஏழு சதுரத்தை அந்த அம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்காக மகள் முதுகில் ஓர் அடியும் வைத்தார்.

"திங்கக்கிழமை ஆபீஸ் வர முடியுமா?" என்று அனுப்ரியா ஜான்சியைக் கேட்டார்.

அதற்குள் மாணிக்கவாசகம் பொன்னாடையோடு இறங்கி ஓடிவந்தார். "எங்கள் பேரவை கண்டெடுத்த முத்து! எங்கள் சாட்சி உபகுழுவின் நேரடிப் பயிற்சியில் வளர்ந்தவர்!"

"நான் சஸ்பெண்டு ஆயிக்கீறேன் சார்" என்றாள் ஜான்சி.

"அது நாளை காலை ரத்தாகும். போன மாதத் தேதியிட்டு ரத்தாகும்."

ஜான்சி கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பொன்னாடையை வாங்கி, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கேசரி வாங்கப் போய்விட்டாள்.

தை பிறந்தது. ஜான்சி அடையாறில் சேர்ந்த அன்று குழுவில் ஒரு படம் போட்டாள். உபகுழு எதற்கும் அனுப்பவில்லை. இரண்டு நொடி ஓடித் திரும்ப ஓடும் குட்டி அசையும் படம். இந்தத் தடவை அவள் கேமாக மாற்றியிருந்தது எங்கள் பேரவையை. மேலிருந்து படிவங்கள் மழையாக விழுகின்றன. நடுவில் ஒரு பிரம்மாண்ட உருவம், கையில் முத்திரை, கழுத்துவரை பொன்னாடை. ஓர் அடி விழுந்தால் ஒரு பொன்னாடை குறையும். உடனே ஓரத்திலிருந்து புத்தகமும் கையுமாக ஒருவர் ஓடிவந்து இன்னொன்றைப் போர்த்திவிட்டுப் போவார். உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு, திறந்தபடி. கீழ் மூலையில் நாலு சதுரத்தில் ஒருவன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். படம் எத்தனை தடவை ஓடினாலும் அவன் தலை நிமிரவில்லை. நான்தான்.

ஐந்து நிமிஷத்தில் முதல் பதில் வந்தது. "மச்சி, செம." அனுமதி இல்லாத மச்சி. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன, எண்ண முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. மாணிக்கவாசகம் சார்.

"பிரபாகர், அந்தப் படத்தைப் பார்த்தேன். நடுவில் பெரிதாக இருப்பது நான்தானே?"

"ஆமா சார்."

"நல்ல சாயல் இருக்கிறது. பொன்னாடையெல்லாம் சரியாக வந்திருக்கிறது." குரலில் ஒரு குழைவு. "அப்படியென்றால் அந்த கேமில் நான்தான் கதாநாயகனா?"

ஆமாம் என்று சொல்வதற்கு நாக்கு தயாராகத்தான் இருந்தது. "இல்ல சார். உங்களைத் தாண்டிப் போனாத்தான் அடுத்த லெவல்."

அவர் அதை ஒரு கோப்பைப் போலப் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"தாண்டுவது கடினமா?"

"கதவு திறந்துதான் இருக்கு சார்."

"இதுவரை எத்தனை பேர் தாண்டியிருக்கிறார்கள்?"

"ஒருத்திதான் சார்" என்றேன்.

போனை வைத்தேன். குழுவைத் திறந்து, வெளியேறு என்பதை அழுத்தினேன். தலைவருக்குத் தவறான புள்ளிவிவரம் தந்ததாகிவிட்டது.